எட்டு ஆண்டு பழைய தரவுக் கிடங்கு: புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் சீர்செய்து காப்பதா?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், நெய் போன்ற அன்றாடப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் தரவுப் பணிகளைக் கவனித்து வருகிறேன். நானும் சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு தம்பியும் மட்டுமே இந்தப் பணியில் இருக்கிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஐந்து ஊர்களில் எங்களுக்குக் கிளைகள் உள்ளன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபின், கிளைகள் தனித்தனி எக்செல் தாள்களில் கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்க வேண்டும் என்று முதலாளி விரும்பியதால், 2018 தொடக்கத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு தரவுக் கிடங்கு கட்டப்பட்டது. டேலி என்னும் கணக்கு மென்பொருளிலிருந்து கணக்குகளும், விற்பனைப் பிரதிநிதிகளின் செயலியிலிருந்து ஆர்டர்களும், குடோன் மென்பொருளிலிருந்து சரக்கு இருப்பும் ஒவ்வோர் இரவும் அதில் வந்து சேர்கின்றன. அதைக் கட்டியவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். அவர் எழுதி வைத்த குறிப்பு எதுவும் எங்களிடம் இல்லை.

இப்போது எனக்கு மூன்று தொல்லைகள் உள்ளன. முதலாவது நேரம். இரவு 11 மணிக்குத் தொடங்கும் லோட், அதாவது தரவைக் கிடங்கில் ஏற்றும் பணி, முன்பு 40 நிமிடங்களில் முடிந்துவிடும்; இப்போது ஐந்து மணி நேரம் எடுக்கிறது, சில நாட்களில் காலை 7 மணி வரை நீள்வதால் கிளை மேலாளர்கள் 8 மணிக்கு எதிர்பார்க்கும் ரிப்போர்ட் தயாராவதில்லை. விற்பனை அட்டவணையில் ஏறத்தாழ 6.5 கோடி பதிவுகள் உள்ளன. ஒவ்வோர் இரவும் கடைசி 90 நாட்களின் பதிவுகளை, அதாவது சுமார் 30 லட்சத்தை, நீக்கிவிட்டு மறுபடியும் சேர்ப்பதாகவே அந்த லோட் எழுதப்பட்டிருக்கிறது. பதிப்பு போஸ்ட்கிரெஸ் 13.

இரண்டாவது, தொகை ஒத்துப்போகாமை. 2025 ஆகஸ்ட் விற்பனை டேலியில் காட்டும் தொகையைவிடக் கிடங்கில் 3,12,000 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. எது சரி என்று முதலாளி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து கணக்குப் பிரிவினர் மறுபடியும் எக்செல்லுக்கே திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தென்காசி மாவட்டம் 2019இல்தான் உருவானது. ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் 2018 ஏப்ரலிலிருந்தே தென்காசிக்கு விற்பனை காட்டுகிறது, அந்த ஆண்டின் திருநெல்வேலி விற்பனையோ அப்போது அச்சிட்டு வைத்த தாளில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கிறது. அதேபோல் 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபின், ஆகஸ்ட் மாதத்தில் 18 சதவீதத்துக்கு விற்ற சோப்பும் 5 சதவீதத்தில் விற்றதாகவே ரிப்போர்ட் சொல்கிறது.

ஓர் ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு, இதை அப்படியே விட்டுவிட்டு கிளவுடில் புதிதாகக் கட்டுவதுதான் வழி என்கிறார். அதற்கான செலவை முதலாளியிடம் கேட்பதற்கு முன், இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரவுப்பணி எழுதியது:

நண்பர் நொய்யல் அவர்களுக்கு வணக்கம். சென்னையில் பதினைந்து ஆண்டுகளாக டேட்டாபேஸ் நிர்வாகியாக இருக்கிறேன். தங்கள் முதல் தொல்லையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. இனி யாருக்கும் தெரியாது என்ற குறியோடு அதே இடத்தில் கிடக்கிறது. அந்த இறந்த பதிவுகளைத் திரட்டி, அவை பிடித்திருந்த இடத்தைப் புதிய பதிவுகளுக்குத் திறந்துவிடுவது வேக்கம் என்னும் பணி. அதைத் தானாகச் செய்யும் ஆட்டோவேக்கம், மாற்றப்படாத அமைப்பில், அட்டவணையின் 20 சதவீதமும் அதற்கு மேல் 50 பதிவுகளும் இறந்தபிறகுதான் புறப்படும். தங்கள் அட்டவணையில் 6.5 கோடிக்கு 20 சதவீதம் என்றால் 1.3 கோடி, இரவுக்கு 30 லட்சம் இறக்கின்றன என்றால், நான்கைந்து இரவுகளுக்கு ஒருமுறைதான் துப்புரவுப் பணியாளர் அந்தத் தெருவுக்கு வருகிறார். சிறிய அட்டவணைகளுக்குப் பொருத்தமான அந்த விகிதம் இவ்வளவு பெரிய அட்டவணைக்குப் பொருந்தாது. அந்த அட்டவணைக்கு மட்டும் விகிதத்தை 0.01 அல்லது 0.02 எனக் குறைத்து வைக்கலாம். டேட்டாபேஸ் முழுவதற்குமான அமைப்பைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வேகம் எட்டு மடங்கு குறைந்திருப்பதைப் பார்த்தால், துப்புரவாளர் வந்தும் வேலை செய்ய முடியாமல் திரும்புகிறாரோ என்று ஐயப்படுகிறேன். எங்கோ ஓர் இணைப்பு தொடங்கிய பரிவர்த்தனையை (ஒன்றாக முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பை) முடிக்காமல், கர்சரை (பதிவுகளைச் சிறிது சிறிதாகப் படிக்கும் வழியை) திறந்தபடியே நாட்கணக்கில் நின்றால், அது பார்க்கக்கூடும் என்று கருதப்படும் எந்தப் பழைய பதிவையும் வேக்கம் அகற்றாது. ரிப்போர்ட் மென்பொருள்களை மூடாமல் கணினியை விட்டுச்செல்லும் அலுவலகங்களில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே வேறு எதையும் தொடும் முன், இப்போது திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலை எடுத்து, அவற்றுள் எது பரிவர்த்தனைக்குள் சும்மா நிற்கிறது, எப்போதிலிருந்து நிற்கிறது என்று பாருங்கள். அத்தகைய இணைப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாகத் துண்டிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸில் உண்டு. ஆனால் யாரேனும் முடுக்கிவிட்டால் ஒழிய அது செயல்படாது.

அவசரப்பட்டு வேக்கம் ஃபுல் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும்; எழுதி முடியும் வரை யாராலும் அந்த அட்டவணையைப் படிக்கக்கூட முடியாது, டிஸ்க்கிலும் ஏறக்குறைய இன்னொரு மடங்கு இடம் வேண்டும். அந்த உழைப்பை நிலையான ஒரு மாற்றத்தில் செலவிடலாம்: பில் தேதியின்படி மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன், அதாவது தனிப் பகுதி, என்று புதிய அட்டவணை அமைத்து, பழையதிலிருந்து மாதம் மாதமாக நகலெடுத்து, முடிந்தபின் பெயரை மாற்றிவிடுங்கள். நகலெடுக்கும்போதே இறந்த பதிவுகள் கழிந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு மாதத்தின் பார்ட்டிஷனும் தனி அட்டவணையாகவே கணக்கிடப்படுவதால், ஆட்டோவேக்கத்தின் 20 சதவீதமும் அந்த மாதத்துக்குள் அடங்கிவிடும். 2019ஆம் ஆண்டின் பார்ட்டிஷன்களை யாரும் தொடப்போவதில்லை.

இதில் இரண்டு இடங்களில் பலர் இடறி விழுகிறார்கள். பார்ட்டிஷன் செய்த அட்டவணையின் பிரைமரி கீயில் (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளத்தில்) தேதியும் இடம்பெற்றே ஆக வேண்டும். பில் எண்ணை மட்டும் வைத்து அமைக்க முடியாது. அடுத்து, தேடும் வழியைத் தேர்ந்தெடுக்க டேட்டாபேஸ் பயன்படுத்தும் புள்ளிவிவரத்தை ஆட்டோவேக்கம் பார்ட்டிஷன்களுக்குத் திரட்டுமே தவிர, அவற்றை உள்ளடக்கிய தாய் அட்டவணைக்குத் திரட்டாது. லோட் முடிந்தவுடன் தாய் அட்டவணையின் மீது, அதைத் திரட்டும் அனலைஸ் கட்டளையைத் தாங்களே ஓட்ட வேண்டும். அதை மறந்தால், பார்ட்டிஷன் செய்தபின்தான் ரிப்போர்ட் மெதுவாகிவிட்டது என்று குறை கேட்க நேரிடும்.

அந்த அட்டவணையில் எத்தனை இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்புப் பட்டியல்) இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். சேர்க்கப்படும் ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும் என்பதால், பயன்படாத இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் தினமும் 30 லட்சம் முறை வீணாக எழுதக் காரணமாகிறது. எந்த இண்டெக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கையை போஸ்ட்கிரெஸே வைத்திருக்கிறது. ஆனால் எண்ணிக்கை பூஜ்யம் என்பதற்காக உடனே நீக்கிவிடாமல், மார்ச் முடிந்து ஆண்டிறுதிக் கணக்கு ஒருமுறை ஓடி முடியும் வரை பொறுத்திருங்கள். ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் தேவைப்படும் இண்டெக்ஸும் உண்டு.

பதிப்பு 13க்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரமாட்டா. ஒவ்வொரு பெரிய பதிப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே பேணப்படுகிறது என்பதைப் பராமரிப்பு நாட்காட்டியில் எழுதி வைப்பது நல்லது. பதிப்பு 17க்கு மாறினால், மாறிய உடனே புள்ளிவிவரங்களை முழுவதுமாகத் திரட்டிக்கொள்ளுங்கள்; அவை பழைய பதிப்பிலிருந்து தானாகக் கூடவே வருவது 18இலிருந்துதான். இவை எல்லாவற்றுக்கும் முன், இருக்கிற பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, மொத்த விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பேரேடு எழுதியது:

மதுரையில் கணக்காளராகத் தொடங்கி, பிறகு தரவுப் பணிக்கு வந்தவள் நான். இரண்டாவது தொல்லை எனக்கு மிகவும் பழக்கமானது. இரவுப்பணி ஐயா சொன்னவை எல்லாம் செய்தபிறகும், கணக்குப் பிரிவினர் கிடங்கை நம்பவில்லை என்றால் அது வேகமாக ஓடுவதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே, மன்னிக்கவும், என் பார்வையில் இதுதான் முதல் வேலை.

கடைசி 90 நாட்களின் பதிவுகள் என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அந்த 90 நாள் சாளரத்தில்தான் தொடங்குகிறது. டேலியில் பழைய தேதியிட்டு வவுச்சர் போடவும் முடியும், பழைய வவுச்சரைத் திருத்தவும் முடியும். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30 என்பதால், மார்ச் 31 தேதியிட்ட பதிவுகளை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்துவது நம் ஊர்க் கணக்கு அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடப்பது. வவுச்சர் தேதியைப் பார்த்து 90 நாட்களை மட்டும் எடுக்கும் லோட்டின் கண்ணில் அந்தத் திருத்தங்கள் ஒருபோதும் படமாட்டா. தவறு யாருடையதும் அன்று. பில் எந்தத் தேதியில் நடந்தது என்பதும், அது எந்தத் தேதியில் பதிவானது அல்லது திருத்தப்பட்டது என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதல் தேதியை வைத்து மாற்றங்களைத் தேடினால், மாற்றங்கள் தவறிப்போகத்தான் செய்யும்.

டேலியில் ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆல்டர் ஐடி என்றோர் எண் இருக்கிறது. வவுச்சர் திருத்தப்படும்போதெல்லாம் அது உயரும். நேற்றிரவு கடைசியாகக் கண்ட எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, இன்றிரவு அதற்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்தால், எந்தத் தேதியிட்ட வவுச்சராக இருந்தாலும் திருத்தம் வந்துவிடும். 30 லட்சம் பதிவுகளை நீக்கிச் சேர்க்கும் வேலையும் சில ஆயிரங்களாகச் சுருங்கும். ஆனால் நீக்கப்பட்ட வவுச்சர் இந்த வழியில் அகப்படாது. இல்லாமற் போனதற்கு எண் எதுவும் உயராதல்லவா? அதற்காக வாரம் ஒருமுறை, டேலியில் இன்று இருக்கும் வவுச்சர்களின் அடையாள எண்கள் அனைத்தையும் இறக்கி, கிடங்கில் மட்டும் இருப்பவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவற்றை அழிக்காமல், நீக்கப்பட்டது என்ற குறியும் கண்டறிந்த நாளும் இட்டு வைக்குமாறு வேண்டுகிறேன். பழைய பேக்கப்பிலிருந்து டேலியை மீட்டாலோ, ஆண்டு முடிந்து கோப்பைப் பிரித்தாலோ ஆல்டர் ஐடியின் தொடர்ச்சியை நம்பாமல் ஒருமுறை முழு ஒப்பீடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, விற்பனை என்ற சொல்லுக்கு உங்கள் நிறுவனத்தில் எத்தனை பொருள் வழங்குகிறது என்று விசாரியுங்கள். நான் முன்பு பணிசெய்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவுக்கு விற்பனை என்றால் வரி நீங்கலான தொகை. விற்பனை மேலாளருக்கு வரியும் சேர்த்த பில் தொகை. குடோனுக்கோ வண்டியில் ஏற்றி அனுப்பிய சரக்கின் மதிப்பு. மூன்றும் ஒரே தலைப்பில் மூன்று ரிப்போர்ட்களில் வந்துகொண்டிருந்தன. ஊக்கத்தொகை எந்தத் தொகையின் மீது என்ற சச்சரவு வந்து, பத்து ஆண்டுகள் உழைத்த ஒரு பிரதிநிதி மனமுடைந்து விலகியதைக் கண்ணால் பார்த்தவள் நான். திரும்பி வந்த சரக்கும் அப்படித்தான். ஜூலையில் விற்ற பிஸ்கட் ஆகஸ்டில் திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டால், அது ஜூலை விற்பனையைக் குறைக்க வேண்டுமா, ஆகஸ்ட் விற்பனையைக் குறைக்க வேண்டுமா? டேலி கிரெடிட் நோட்டின் தேதியைப் பின்பற்றும். உங்கள் கிடங்கைக் கட்டியவர் மூலப் பில்லின் தேதியைப் பின்பற்றியிருந்தால், இரண்டும் எந்த மாதத்திலும் ஒத்துப்போகாது, இரண்டுமே சரியாக இருந்தாலும்கூட.

நான் செய்வது இது. லோட் முடிந்தவுடன் கிளைவாரியாக, மாதவாரியாக, வவுச்சர் எண்ணிக்கை, வரி நீங்கலான தொகை, வரித்தொகை ஆகிய மூன்றையும் டேலியிலும் கிடங்கிலும் தனித்தனியாகக் கூட்டி, ஓர் ஒப்பீட்டு அட்டவணையில் எழுதுகிறேன். நடப்பு மாதத்துக்கு மட்டும் செய்து நிறுத்தாமல் பின்னோக்கி 18 மாதங்களுக்குச் செய்கிறேன், தணிக்கைத் திருத்தங்கள் அதற்குள் அடங்கிவிடும் என்பதால். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அந்த வரிசை சிவப்பாகும். சிறு வேறுபாடுகளை விட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் 40,000 ரூபாய் கூடுதலும் 39,990 ரூபாய் குறைவும் சேர்ந்து 10 ரூபாய் வேறுபாடாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டை எல்லோரும் காணும்படி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே வையுங்கள். இன்று ஈரோடு கிளை ஒத்துப்போகவில்லை என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், மற்ற நான்கு கிளைகளின் தொகையை அவர்கள் நம்புவார்கள்.

நொய்யல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாட்களில் கண்டவற்றைத் தெரிவிக்கிறேன்.

இரவுப்பணி ஐயா ஐயப்பட்டபடியே, ஒரு கிளைக் கணினியிலிருந்து வந்த இணைப்பொன்று 11 நாட்களாகப் பரிவர்த்தனைக்குள் திறந்தபடி நின்றிருந்தது. அதைத் துண்டித்துவிட்டு வேக்கம் ஓட்டியபின், மறுநாள் இரவு லோட் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. விற்பனை அட்டவணையில் 19 இண்டெக்ஸ் இருப்பதையும் கண்டேன். அவற்றில் இரண்டு பெயரில் மட்டுமே வேறுபடும் ஒரே இண்டெக்ஸ் என்பதால் ஒன்றை நீக்கினேன், மற்றவற்றை ஏப்ரல் வரை விட்டுவைக்கிறேன்.

ஆகஸ்ட் கணக்கை அடையாள எண் வாரியாக ஒப்பிட்டதில் 3,12,000 ரூபாய்க்கும் காரணம் கிடைத்துவிட்டது. 1,94,000 ரூபாய், இருமுறை பதிவாகி டிசம்பரில் டேலியில் நீக்கப்பட்ட பில்களுக்கு உரியது; அப்போது அவை 90 நாள் சாளரத்துக்கு வெளியே சென்றுவிட்டதால் கிடங்கில் அப்படியே தங்கிவிட்டன. மீதி 1,18,000 ரூபாய், பேரேடு அம்மா சொன்ன அதே கிரெடிட் நோட் தேதி வேறுபாடு. கணக்குப் பிரிவின் மூத்தவரிடம் தாளைக் காட்டியபோது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு அமர்ந்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்தார். ஓராண்டாக அவர் எங்கள் அறைக்கு வந்ததே இல்லை.

மாவட்டம், வரி விகிதம் பற்றி யாரேனும் சொல்ல இயலுமா? மாவட்டத்தை மாற்றியது யார் என்று தேடியதில், வாடிக்கையாளர் அட்டவணையில் நேரடியாகத் திருத்தம் செய்யப்பட்டிருப்பது தெரிந்தது.

தென்காசிக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பரே. மருந்து விநியோகத் துறையில் இதே வேலையைச் செய்கிறேன். என் சொந்த மாவட்டத்தின் பெயரால் வந்த சிக்கல் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கள் கிடங்கு வாடிக்கையாளரின் இன்றைய நிலையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. பழைய மதிப்பின் மீது புதிய மதிப்பை எழுதும் இம்முறையை, தரவுக் கிடங்கு வடிவமைப்பு வல்லுநர் ரால்ஃப் கிம்பல் வகுத்த பெயரீட்டில் முதல் வகை என்பார்கள். மாற்றம் நேரும்போது பழைய பதிவை அதன் முடிவுத் தேதியோடு மூடிவிட்டு, புதிய தொடக்கத் தேதியோடு இன்னொரு பதிவைத் திறப்பது இரண்டாம் வகை. கடையின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்த முதல் வகை போதும். மாவட்டம், கடையின் தரநிலை, அதைக் கவனிக்கும் பிரதிநிதி ஆகியவற்றுக்கு இரண்டாம் வகையே வேண்டும். எந்தப் பத்திக்கு, அதாவது அட்டவணையின் எந்த நெடுவரிசைக்கு, எந்த வகை என்பதைக் கட்டும்போதே ஒருவர் முடிவுசெய்து எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காததால் திருத்த வந்தவர் தமக்குத் தெரிந்தபடி செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல இயலாது.

இழந்த வரலாற்றை மீட்க முடியும் என்பது நல்ல செய்தி. திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், திருவேங்கடம், ஆலங்குளம் ஆகிய வட்டங்கள் அதில் அடங்கின. ஆகவே கடை எந்த வட்டத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன் அது திருநெல்வேலி, பின் தென்காசி என்று இரண்டு பதிவுகளாகப் பிரித்துவிடலாம். வட்டத்தை அடிப்படையாக வைத்து, மாவட்டத்தைத் தனி அட்டவணையில் தேதியோடு வைப்பது இன்னும் நல்லது. அந்த ஆண்டிலேயே விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. இனியும் பிரியக்கூடும், அப்போது ஆயிரக்கணக்கான கடைகளைத் திருத்தாமல் சில வட்டங்களை மட்டும் திருத்தினால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரலாற்றைச் சரியாக வைத்தபின், 2018இலிருந்து தென்காசிப் பகுதியின் வளர்ச்சி எப்படி என்று மேலாளர் கேட்டால், 2019 நவம்பர் வரை வெறுமையாக இருக்கும் ரிப்போர்ட் அவருக்கு உதவாது. அன்றைய மாவட்டம், இன்றைய எல்லைப்படியான மாவட்டம் என்று இரண்டு பத்திகளையும் தர வேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் தலைப்பிலும் எது பயன்பட்டது என்று எழுத வேண்டும். பழைய அச்சுத் தாளோடு ஒப்பிட முதல் பத்தி, வளர்ச்சியைப் பார்க்க இரண்டாவது.

வரி விகிதத்துக்கு வருகிறேன். அது பொருளின் அட்டவணையில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பில்லின் உருப்படிக்கு எந்த விகிதம் விதிக்கப்பட்டது என்பது அந்தப் பில்லில் நடந்துமுடிந்த நிகழ்வு. பொருளின் இயல்பாக அதைக் கருத முடியாது. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18இலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய் 12இலிருந்து 5 சதவீதத்துக்கும் வந்தன. ஆனால் செப்டம்பர் 21 வரை போட்ட பில்களில் பழைய விகிதமே இருக்கும். அதற்குப்பின் திரும்பி வந்த பழைய சரக்கின் கிரெடிட் நோட்டிலும் மூலப் பில்லின் விகிதமே வர வேண்டும். இதை எந்தத் தேதி அட்டவணையாலும் ஊகிக்க முடியாது. டேலியின் ஒவ்வொரு உருப்படியிலும் உள்ள விகிதத்தையும் வரித்தொகையையும் அப்படியே எடுத்து விற்பனைப் பதிவில் வையுங்கள்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டை எண்ணாகச் சேமித்திருக்கிறார்களா, எழுத்தாகவா? நெய்யின் தலைப்பு 0405. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 405 ஆகிவிடும், வரிப் பட்டியலோடு இணையாது. போதாதற்கு, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கம் கட்டாயமானதால், அதற்கு முந்தைய பில்களில் நான்கு இலக்கமும் பிந்தையவற்றில் ஆறு இலக்கமும் இருக்கக்கூடும். முதல் நான்கு எழுத்துகளைத் தனிப் பத்தியாக வைத்தால் எட்டு ஆண்டுகளையும் ஒருசேரப் பார்க்கலாம்.

இரவுப்பணி எழுதியது:

கிளவுடு பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சில வரிகள். 6.5 கோடி பதிவுகள் என்பது ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வருக்குப் பெரிய சுமையன்று. கிளவுடுக்கு மாறுவது தவறென்று நான் சொல்லவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடங்களில் அது பெரிய நிம்மதி. ஆனால் பேரேடு அவர்களும் தென்காசிக்காரன் அவர்களும் எடுத்துக்காட்டிய பிழைகள் எல்லாம் தரவோடு சேர்ந்து பயணம் செய்பவை. 90 நாள் சாளரமும் மேலெழுதப்பட்ட மாவட்டமும் எந்த ஊர் சர்வரில் வைத்தாலும் அதே தொகையைத்தான் தரும். முதலில் இங்கே 18 மாதங்கள் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகட்டும். பின்னர் மாறினால், புதிய இடத்தில் வரும் தொகை சரியா என்று சோதிக்கவும் அந்த ஒப்பீட்டு அட்டவணையே கைகொடுக்கும்.

பழைய ஆண்டுகளை அழித்து இடம் பிடிக்கலாமே என்று யாரேனும் சொன்னால் அவசரப்பட வேண்டாம். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. தங்கள் கிடங்கு சட்டப்படியான கணக்குப் புத்தகம் அன்று, ஆனாலும் 2018இன் ஒரு பில்லைத் தேடி யாரேனும் வரும்போது முதலில் தட்டுவது தங்கள் கதவைத்தான். பழைய பார்ட்டிஷன்களைக் கழற்றி விலை குறைந்த டிஸ்க்கில் வைத்தால் போதுமானது. அழிக்க வேண்டுமென்றால், யாரும் திறக்காத ரிப்போர்ட்களிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதங்களாக ஒருவரும் பார்க்காத ரிப்போர்ட்டுக்காக இரவுதோறும் ஓடும் கணக்கீடுகள் பெரும்பாலான கிடங்குகளில் இருக்கின்றன.

நொய்யல் எழுதியது:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். விற்பனை அட்டவணை மாதவாரிப் பார்ட்டிஷனாக மாறிவிட்டது, ஆல்டர் ஐடி வழியே மாற்றங்களை மட்டும் எடுக்கிறோம். நேற்றிரவு லோட் 35 நிமிடங்களில் முடிந்தது. ஒப்பீட்டுப் பக்கத்தில் 18 மாதங்களில் ஐந்து கிளைகளுக்கும் ஒரே ஒரு சிவப்பு வரிசை மிச்சமிருக்கிறது, அது மதுரையின் 2025 மார்ச்; கணக்குப் பிரிவின் மூத்தவரே அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி அந்தப் பக்கத்தில் கையெழுத்திடும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். தம்பி ஒரு குறிப்பேட்டைத் தொடங்கி, ஒவ்வொரு பத்திக்கும் எந்த வகை, ஏன் என்று எழுதி வருகிறான். முதலாளியிடம் கிளவுடுக்கான பணத்தைக் கேட்கவில்லை. டிஸ்க் ஒன்றும், பேக்கப்பை மீட்டுப் பார்க்க ஒரு பழைய கணினியும் மட்டும் கேட்டேன், கிடைத்தன.

வட்டவாரியாகப் பிரித்தபின் 2018-19ஆம் ஆண்டின் திருநெல்வேலித் தொகை அச்சுத் தாளை நெருங்கிவிட்டது. ஆலங்குளம் சாலையில் உள்ள 14 கடைகளுக்கு மட்டும் எந்த வட்டம் என்று முகவரியிலிருந்து தெரியவில்லை. அந்தப் பாதையில் செல்லும் பிரதிநிதியிடம் பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.